ரெண்டு பாஸ்போட், ஒரு முகம்

போன எபிசோட்டில சம்பளம் பேசுறது எப்பிடி எண்டு ஒரு மணித்தியாலம் கதைச்சன். அதுக்கு வந்த மெசேஜ் கொஞ்சம்தான். ஆனா இடையில, "என்னட்ட ரெண்டு பாஸ்போட் இருக்கு, அதுகளைப் பராமரிக்கிறதே தனி வேலை" எண்டு ஒரு வசனம் சொல்லிப்போட்டுக் கடந்து போனன். அதுக்குத்தான் கனக்க வந்திருக்கு. எந்தப் பாஸ்போட்டை எந்தக் கவுண்டரில காட்டுறது, டிக்கெட்டை எந்தப் பெயரில போடுறது, ஒரே போட்டோவை ரெண்டு நாட்டுக்கும் குடுக்கலாமோ... மார்க்கத்தில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா: "அண்ணா, இலங்கைப் பாஸ்போட்டைத் திரும்ப எடுத்தா கனடா எங்களைக் கைவிட்டிடுமா?" நல்ல கேள்வி. அதுக்கும் வருவம்.

நான் சட்டத்தரணி இல்லை, மென்பொருள் எழுதுற ஆள். அதால என்ர மண்டைக்குள்ள இந்த விசயம் ஒரு டேட்டாபேஸ் பிரச்சினையாத்தான் கிடக்கு. கனடாவில என்னைப் பற்றி ஒரு பதிவு இருக்கு. இலங்கையில இன்னொரு பதிவு இருக்கு. ரெண்டிலயும் பெயர், பிறந்த திகதி, படம். ரெண்டும் ஒண்டையொண்டு அறியாது. ரெண்டும் ஒரே ஆள்தான் எண்டு நிரூபிக்கிற பொறுப்பு முழுக்க என்ர தலையில. சும்மா நாளில இது ஒரு பொருட்டே இல்லை. ஊரில ஒரு சாவு எண்டு விடியக்காலம்பிற போன் வாற அண்டைக்குத்தான் இது பொருட்டு.

சென்னையில இருந்து கேக்கிற ஆக்களுக்கு முதல்ல சொல்லிவிடுறன்: இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறதில்லை. நீங்கள் கனடா, அமெரிக்கா எண்டு குடியுரிமை எடுத்தா இந்தியக் குடியுரிமை அதோட முடிஞ்சுது, பாஸ்போட்டை ஒப்படைக்க வேணும். 2005இல இருந்து குடுக்கிற ஓசிஐ அட்டையின்ர பெயரில 'குடியுரிமை' எண்டு இருந்தாலும், அது ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகிற விசா மாதிரித்தான். வாக்குப் போடேலாது, விவசாய நிலம் வாங்கேலாது. ஆகவே இண்டைய கதை பெரும்பாலும் எங்கட பக்கத்துக் கதை, இலங்கைத் தமிழ் ஆக்களின்ர கதை.

இலங்கையில 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. அந்த இலக்கம் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? மலையகத் தமிழரை லட்சக்கணக்கில நாடற்றவர் ஆக்கின அதே சட்டம்தான். இண்டைக்கு எனக்கு இலங்கைப் பாஸ்போட் தந்திருக்கிறதும் அதே சட்டத்தின்ர பிரிவுகள்தான் எண்டதை நினைச்சா ஒரு மாதிரித்தான் இருக்கும். அந்தச் சட்டப்படி, நீங்கள் விரும்பி வேறொரு நாட்டுக் குடியுரிமை எடுத்தா இலங்கைக் குடியுரிமை தானா இல்லாமப் போகும். ஒருத்தரும் கடிதம் போட்டுச் சொல்ல மாட்டினம். 1987இல வந்த திருத்தத்துக்குப் பிறகு, விண்ணப்பிச்சு அதைத் திரும்ப எடுக்கலாம், இல்லாட்டிப் போக முதலே தக்கவைச்சுக்கொள்ளலாம் எண்டு ஒரு வழி திறந்தது. அந்த வழியை 2011இல நிப்பாட்டி வைச்சினம். 2015இலதான் திரும்பத் திறந்தது.

எங்கட குடும்பம் சரியா அந்த இடைவெளிக்குள்ள விழுந்தது. நாங்கள் கனேடியர் ஆனது 2012. அடுத்த வருசம் அப்பா ஊருக்குப் போகேக்க, சுன்னாகத்தில தான் பிறந்த வீட்டுக்குப் போறதுக்கு, இணையத்தில ஈடிஏ அனுமதி எடுத்தவர். படிவத்தில வருகையின்ர நோக்கம் எண்டு ஒரு பெட்டி. அப்பா அதைத் தெரிவு செய்துபோட்டு என்னைப் பார்த்து, "தம்பி, நான் சுன்னாகத்துக்குச் சுற்றுலா போறனாம்" எண்டார். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர். ஆனா வழி திறந்த உடன 55 வயதுக்கு மேற்பட்டவர் எண்ட பிரிவில முதல் வேலையா விண்ணப்பிச்சவர். நான் பல்கலைக்கழகம் முடிச்ச பிறகு கல்வித்தகைமை எண்ட பிரிவில எடுத்தன். சொத்து, நிலையான வைப்பு எண்டும் பிரிவுகள் இருக்கு.

"ஏன் எடுத்தனீங்கள்?" எண்டு கனபேர் கேக்கினம். உணர்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும், காணி ஒரு பக்கம். 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி மாற்றுறதை நல்லா இறுக்கினது. இரட்டைக் குடியுரிமை உள்ளவைக்கு அந்தத் தடை இல்லை. அப்பாவுக்கு அந்த ஒரு வரி போதும். உங்களுக்கு எம்பி ஆகிற ஆசை இருந்தா மட்டும் இது சரிவராது. 2015இல 19ஆவது திருத்தம் இரட்டைக் குடியுரிமைக்காரரைப் பாராளுமன்றத்துக்கு வெளியில விட்டது, 2020இல 20ஆவது திருத்தம் உள்ள எடுத்தது, 2022இல 21ஆவது திருத்தம் திரும்ப வெளியில விட்டது. கதவு சாத்தி, திறந்து, சாத்தி. எங்கட அப்பாவுக்கு அந்த ஆசை இல்லை எண்டுதான் நினைக்கிறன்.

சரி, விமானநிலையத்துக்கு வருவம். இஞ்சதான் ஆக்கள் குழம்பிறது. குழப்பத்துக்குக் காரணம், விமானநிலையத்தில ரெண்டு வேறு வேறு ஆக்கள் உங்கட பாஸ்போட்டைக் கேக்கினம், ரெண்டு பேரும் வேறு வேறு கேள்வி கேக்கினம். விமானக் கம்பனிக்காரருக்கு ஒரே ஒரு கவலை: இறங்கிற நாடு உங்களை உள்ள விடுமா? விடாட்டி உங்களைத் திருப்பிக் கொண்டு வாறது அவையின்ர தலையில விழும். குடிவரவு அதிகாரிக்கு இருக்கிற கவலை வேற: இந்த ஆள் எங்கட நாட்டில ஆர்? ஆகவே கம்பனிக்காரருக்குக் காட்டுறது போற நாட்டுக்குச் சரியான பாஸ்போட். அதிகாரிக்குக் காட்டுறது அந்த நாட்டின்ர பாஸ்போட். அதோட, ஒரு நாட்டுக்குள்ள எதில போனனீங்களோ அதிலதான் வெளியில வரவேணும். இல்லாட்டி அந்த நாட்டுக் கணினியில, உள்ள வந்த ஒருத்தர் திரும்பிப் போகவே இல்லை, வராத ஒருத்தர் வெளியில போயிருக்கிறார்.

நடைமுறையில இப்பிடி. ரொறன்ரோவில கொழும்புக்குச் செக்-இன் செய்யேக்க இலங்கைப் பாஸ்போட். விசா இருக்கா எண்ட கேள்வியே வராது. கனடாவில வெளியேறேக்க முத்திரை குத்துற கவுண்டர் இல்லை, ஆனா 2020இல இருந்து விமானக் கம்பனிகளிட்ட இருந்து நீங்கள் வெளியேறின விபரம் அரசாங்கத்துக்குப் போகுது. ஆகவே "ஒருத்தருக்கும் தெரியாது" எண்டு நினைக்காதேங்கோ. கட்டுநாயக்காவில இறங்கி, இலங்கைக் கடவுச்சீட்டு வரிசையில இலங்கைப் பாஸ்போட். திரும்பேக்க செக்-இன்னில கனேடியப் பாஸ்போட். இது கட்டாயம், ஏனெண்டா 2016 நவம்பர் 10இல இருந்து இரட்டைக் குடியுரிமை உள்ள கனேடியர் கனடாவுக்கு விமானம் ஏறச் செல்லுபடியான கனேடியப் பாஸ்போட் வேணும். பிறகு குடியகல்வுக் கவுண்டரில திரும்ப இலங்கைப் பாஸ்போட். அதிகாரி போர்டிங் பாஸைப் பார்ப்பார், ரொறன்ரோ எண்டு இருக்கும், பாஸ்போட்டைப் புரட்டுவார், கனேடிய விசா ஒண்டும் இருக்காது. "மற்றது எங்க?" எண்டு கேப்பார். எடுத்துக் குடுங்கோ. சிலபேர் இந்த இடத்தில களவு செய்த மாதிரி முழிக்கினம். நீங்கள் சட்டப்படி விண்ணப்பிச்சு, காசு கட்டி எடுத்த உரிமை. இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழின்ர பிரதி ஒண்டைப் பாஸ்போட் உறைக்குள்ளேயே வையுங்கோ. கேட்டா நீட்டலாம்.

லண்டன் ஆக்களுக்கு ஒரு விசேட அறிவித்தல். 2026 பெப்ரவரி 25இல இருந்து, இரட்டைக் குடியுரிமை உள்ள பிரித்தானியர் பிரித்தானியாவுக்கு வரப் பிரித்தானியப் பாஸ்போட்டோ, அதுக்குரிய உரிமைச் சான்றிதழோ காட்ட வேணும். "மற்றதில வந்து சமாளிப்பம்" எண்ட காலம் போச்சு. அமெரிக்கா இதைக் கன காலமாச் சட்டமாவே வைச்சிருக்கு: அமெரிக்கக் குடிமகன் உள்ள வாறதும் வெளியில போறதும் அமெரிக்கப் பாஸ்போட்டில.

இன்னொரு சிக்கல், சென்னை வழியாப் போற ஆக்களுக்கு. 2019 ஒக்ரோபரில பலாலி சர்வதேச விமானநிலையமாத் திறந்த பிறகு, சென்னையில ரெண்டு நாள் நிண்டு துணி எடுத்துப்போட்டு யாழ்ப்பாணம் போறது எங்கட குடும்பங்களில ஒரு சடங்கு மாதிரி ஆகிட்டுது. இந்தியா உங்களுக்கு மூண்டாவது நாடு. அங்க நீங்கள் ஆர் எண்டதை விசாதான் தீர்மானிக்கும். விசா கனேடியப் பாஸ்போட்டில எடுத்திருந்தா சென்னையில உள்ள போகவும் வெளியில வரவும் கனேடியன். பலாலியில இறங்கினாப் பிறகு இலங்கையர். ஒன்றரை மணித்தியாலத்துக்குள்ள ஆள் மாறுது. இணையத்தில செக்-இன் செய்யேக்க ஒவ்வொரு பயணத் துண்டுக்கும் தனித்தனியாப் பாஸ்போட் விபரம் கேக்கும், கவனமா நிரப்புங்கோ. முழுப் பயணத்துக்கும் ஒண்டையே நிரப்பிவிட்டா அங்கதான் சண்டை துவங்கும்.

இப்ப பெயர். எங்கட ஆக்களுக்கு உண்மையான தலையிடி இதுதான், போட்டோ எல்லாம் பிறகு. பாஸ்போட்டின்ர படம் உள்ள பக்கத்தில, கீழ ரெண்டு வரி இருக்கும், அம்புக்குறி மாதிரிக் குறிகளோட. அது இயந்திரம் வாசிக்கிற பகுதி. உலகம் முழுக்க ஐகாவோ எண்ட சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின்ர 9303 எண்ட ஆவணப்படி அது ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொரு வரியிலும் 44 எழுத்து. முதல் வரியில ஆவண வகைக்கும் நாட்டுக்கும் 5 எழுத்துப் போனா, பெயருக்கு மிஞ்சுறது 39. முதல்ல குடும்பப் பெயர், பிறகு ரெண்டு குறி, பிறகு மற்றப் பெயர்.

39 எழுத்து ஆங்கிலேயருக்குக் காணும். எங்கட ஆக்களுக்கு? கனகசபாபதிப்பிள்ளையின்ர மகன் திருஞானசம்பந்தன் எண்டு ஒருத்தர் இருக்கிறார் எண்டு வைப்பம். ஆங்கில எழுத்தில தகப்பனுக்கு 22, மகனுக்கு 20, இடையில ரெண்டு குறி. மொத்தம் 44. ஆக, அஞ்சு எழுத்து வெட்டுப்படும். வெட்டுற விதி எல்லாம் அந்த ஆவணத்தில இருக்கு, இருந்தாலும் டிக்கெட்டில முழுப் பெயர், இயந்திரத்தில அரைப் பெயர். இது ஒரு புறம். அதைவிடப் பெரிசு, எங்களுக்குக் குடும்பப் பெயர் எண்ட ஒண்டே இல்லை. அப்பாவின்ர பெயர் இருக்கு, சொந்தப் பெயர் இருக்கு. எது எந்தப் பெட்டிக்குள்ள போகும் எண்டதை, முதல் முதலாப் படிவம் நிரப்பின ஆள் தீர்மானிச்சிருக்கிறார். அகதி விண்ணப்பத்தோட வந்த கனபேருக்கு அந்த ஆள், தமிழ்ப் பெயரைப் பற்றி ஒண்டும் தெரியாத ஒரு அதிகாரி.

பெரியம்மாவின்ர மகன், லண்டனில இருக்கிற அண்ணா, ஆறு வயசில அங்க போனவர். அவரின்ர பிரித்தானிய ஆவணங்களில சொந்தப் பெயர் குடும்பப் பெயராப் பதியப்பட்டிட்டுது. இலங்கைப் பாஸ்போட்டில பிறப்புச் சான்றிதழில இருக்கிற மாதிரி, அப்பாவின்ர பெயர் குடும்பப் பெயர். ஒரே பெயர்தான், தலைகீழ். அம்மம்மா மோசம் போனது ஒரு வியாழக்கிழமை. அண்ணா அண்டிரவே டிக்கெட் எடுத்து விமானநிலையத்துக்குப் போயிட்டார். டிக்கெட் பிரித்தானியப் பெயரில, இலங்கைக்குப் போறதுக்குக் காட்டினது இலங்கைப் பாஸ்போட். கவுண்டரில இருந்த ஆக்கள் ரெண்டையும் வைச்சுப் பார்த்திட்டு, மேலதிகாரியைக் கூப்பிட்டு, அவர் இன்னொருத்தரைக் கூப்பிட்டு... கவுண்டர் பூட்டிட்டினம். அடுத்த இருக்கை ரெண்டு நாளுக்குப் பிறகுதான் கிடைச்சது.

அவர்தான் மூத்த பேரன். எங்கட பக்கத்தில பேரப்பிள்ளையள் பந்தம் பிடிக்கிறது எண்டு ஒண்டு இருக்கு, கேக்கிற கனபேருக்குத் தெரியும். சின்னத்தானும் நானும் இன்னும் ரெண்டு பெடியளும் பிடிச்சம். அண்ணா வீடியோவில பார்த்துக்கொண்டு இருந்தவர். எட்டுச்செலவுக்குத்தான் வந்து சேர்ந்தார். அதைப் பற்றி அவர் இண்டைவரைக்கும் ஒரு வசனம் கதைக்கேல்லை. அந்தக் கவுண்டரில நிண்டவை கெட்ட ஆக்கள் எண்டு நான் சொல்ல மாட்டன், திரையில ரெண்டு ஆள் தெரிஞ்சிருக்கு.

பிறகு அவர் சத்தியக் கடதாசி ஒண்டு முடிச்சவர், ரெண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கும் எண்டு. பிறப்புச் சான்றிதழ், இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ், சத்தியக் கடதாசி, மூண்டும் ஒரு உறைக்குள்ள, எப்பவும் கைப்பையில. உங்கட வீட்டில ஆருக்காவது பெயர் இப்பிடித் தலைகீழாக் கிடந்தா, இண்டைக்கே பாருங்கோ. ஒரு சின்ன விசயம்: அந்த இயந்திர வரிகளில சோதனை இலக்கம் எண்டு ஒண்டு இருக்கு. ஒவ்வொரு எழுத்தையும் 7, 3, 1 எண்டு மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, பத்தால வகுத்த மிச்சம். இலக்கத்தையோ பிறந்த திகதியையோ ஆராவது பிழையாத் தட்டினா உடன பிடிபடும். அழகான, எளிமையான கணக்கு. ஆனா பெயருக்கு அது இல்லை. ரெண்டு பாஸ்போட்டுக்கு இடையிலயும் அது இல்லை.

போட்டோ. இதுக்காகத்தான் கனபேர் இவ்வளவு நேரம் காத்துக்கொண்டு இருக்கிறியள் எண்டு தெரியும்.

பாஸ்போட்டில படம் ஒட்டுறது எப்ப துவங்கினது தெரியுமா? முதலாம் உலகப் போர். 1914இல கார்ல் ஹான்ஸ் லோடி எண்ட ஜெர்மன் உளவாளி, ஒரு அமெரிக்கரின்ர உண்மையான பாஸ்போட்டை வைச்சுக்கொண்டு பிரித்தானியாவில சுத்தினவர். அதில படம் இல்லை, ஆகவே ஆரின்ர பாஸ்போட் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அந்த வருச முடிவுக்குள்ள அமெரிக்கா படம் கட்டாயம் எண்டு சொல்லிட்டுது. அந்த உளவாளிக்காக நாங்கள் இண்டைக்கும் சிரிக்காமல் இருக்கிறம்.

அளவுகள் நாட்டுக்கு நாடு வேற. கனடா 50க்கு 70 மில்லிமீற்றர். பிரித்தானியா 35க்கு 45. அமெரிக்கா ரெண்டு அங்குலத்துக்கு ரெண்டு அங்குலம். இதைப் பார்த்துப்போட்டு நான் முதல்ல நினைச்சது, முகத்தின்ர அளவும் வேற வேற எண்டு. அளந்து பார்த்தாத்தான் விளங்கும்: கனடா நாடியில இருந்து உச்சந்தலை வரைக்கும் 31இல இருந்து 36 மில்லிமீற்றர் கேக்குது. பிரித்தானியா 29இல இருந்து 34. ஏறக்குறைய ஒரே முகம். சுத்திவர இருக்கிற வெளி மட்டும்தான் கனடாவுக்குக் கூட. ஆகவே தாராளமா வெளி விட்டு எடுத்த ஒரு நல்ல படத்தில இருந்து ரெண்டு அளவையும் வெட்டலாம். ஸ்ரூடியோவில இதைச் சொல்லிக் கேளுங்கோ.

வெட்டலாம் எண்டதால எங்கயும் குடுக்கலாம் எண்டு இல்லை. கனடா, படத்தை வணிகரீதியான படப்பிடிப்பாளர் ஒருத்தர் நேரில எடுக்க வேணும் எண்டு கேக்குது. பின்பக்கத்தில ஸ்ரூடியோவின்ர பெயர், விலாசம், எடுத்த திகதி. புதுசா விண்ணப்பிக்கிற ஆள் எண்டா உத்தரவாதி ஒருத்தர் ஒரு படத்தின்ர பின்னால, இது இன்னாரின்ர உண்மையான தோற்றம் எண்டு எழுதிக் கையெழுத்து வைக்க வேணும். அவர் உங்களைக் குறைஞ்சது ரெண்டு வருசம் தெரிஞ்சிருக்க வேணும். முந்தி உத்தரவாதிக்கு வைத்தியர், சட்டத்தரணி எண்டு தேடித் திரிஞ்ச கதையை உங்கட அப்பா அம்மாவிட்டக் கேளுங்கோ. 2007க்குப் பிறகு பாஸ்போட் வைச்சிருக்கிற வயதுவந்த கனேடியர் காணும். இலங்கையில வேற முறை: 2015இல இருந்து, அங்க விண்ணப்பிக்கிற ஆக்களுக்குத் திணைக்களம் அங்கீகரிச்ச ஸ்ரூடியோதான் படம் எடுக்கும், படம் நேரா இணையத்தால திணைக்களத்துக்குப் போகும், உங்கட கையில ஒரு துண்டு மட்டும் தருவினம். ஒரு நாடு கடதாசியின்ர பின்பக்கத்தை நம்புது, மற்ற நாடு கேபிளை நம்புது. பிரித்தானியா உங்கட சிநேகிதன் போனில எடுத்த படத்தையே இணையத்தில ஏற்றச் சொல்லுது, ஆனா ஒரு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்க வேணும். கனடாவும் அமெரிக்காவும் ஆறு மாசம் வரைக்கும் விடும்.

இப்ப நான் கோவப்படுற இடம். எங்கட அம்மா கறுப்பு. நானும்தான். அம்மாவின்ர படம் ஒருக்காத் திரும்பி வந்தது, முகம் தெளிவில்லை எண்டு. எடுத்தது இஞ்ச ஒரு பெரிய கடை, வெள்ளைக்காரப் பெடியன், ரெண்டு நிமிச வேலை. அவன் அம்மாவைத் திரும்பத் திரும்ப "நாடியை உயர்த்துங்கோ" எண்டான். பிரச்சினை நாடியில இல்லை. கமெரா வெளிச்சத்தை அளக்கேக்க, படம் முழுக்கச் சராசரியா ஒரு நடுத்தரச் சாம்பல் எண்டு வைச்சுத்தான் அளக்கும். பின்னால வெள்ளைத் திரை. வெளிச்சம் கூடிப்போச்சு எண்டு அது குறைக்கும். குறைக்க, முகம் கறுக்கும். வெளிர் தோலுக்கு இது பெரிசாத் தெரியாது. எங்களுக்குக் கண்ணும் புருவமும் தோலோட கலந்து போகும்.

இது அம்மாவுக்கு மட்டும் நடந்த கதை இல்லை. 2020இல பிபிசி, பிரித்தானிய அரசின்ர இணையப் படச் சோதனைக் கருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசியல்வாதிகளின்ர படங்களைப் போட்டுப் பார்த்தது. கறுத்த தோல் உள்ள பெண்களின்ர படங்களில 22 சதவீதம் தரம் காணாது எண்டு கருவி சொன்னது. வெளிர் தோல் உள்ள ஆண்களில அது 9 சதவீதம். 2016இல நியூசிலாந்தில ஆசிய வம்சாவளி இளைஞர் ஒருத்தரின்ர படத்தைக் கணினி, கண் மூடியிருக்கு எண்டு தள்ளினது. அவரின்ர கண் திறந்துதான் இருந்தது. எங்கட துறையில வேலை செய்யிற ஆக்கள் எல்லாருக்கும் இது எப்பிடி நடக்கும் எண்டு தெரியும். கருவியை எந்தப் படங்களை வைச்சுப் பழக்கினமோ, அந்த முகங்கள்தான் அதுக்கு முகம். நான் இதை ஆத்திரத்தோட சொல்லுறன், ஏனெண்டா அம்மா வீட்ட வந்து கண்ணாடிக்கு முன்னால நிண்டு, "என்ர முகம் அவ்வளவு மோசமே" எண்டு கேட்டவ.

செய்யக்கூடியது சொல்லுறன். திரையில இருந்து ஒரு கை நீளமாவது முன்னால நில்லுங்கோ, நிழல் விழாது. "முகத்துக்கு வெளிச்சத்தை அளந்து எடுங்கோ, சுவருக்கு இல்லை" எண்டு வாயைத் திறந்து சொல்லுங்கோ. வெக்கப்படாதேங்கோ, காசு குடுக்கிறது நீங்கள். போனில எண்டா முகத்தில விரலை வைச்சு, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏத்துங்கோ. முகம் யன்னலுக்கு நேரே. கையை நீட்டி செல்பி எடுக்காதேங்கோ, கிட்ட எடுத்தா மூக்குப் பெரிசாகும், காது மறையும். ஒன்றரை மீற்றர் தள்ளி வேற ஆளை எடுக்கச் சொல்லுங்கோ. அழகாக்கிற பில்ட்டர் எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. அது உங்களை வெள்ளையாக்கும், அதுக்குப் பிறகு அது உங்கட முகம் இல்லை. கண்ணாடி போடுற ஆக்கள் கழட்டிவிடுங்கோ. அமெரிக்கா 2016 நவம்பரில இருந்து கண்ணாடியோட எடுத்த படத்தை ஏற்கிறதில்லை, மற்ற நாடுகளிலயும் கழட்டினா ஒரு பிரச்சினை குறையும்.

அம்மா ரெண்டாம் முறை போனது ஸ்காபரோவில ஒரு தமிழ் ஸ்ரூடியோவுக்கு. அந்த அண்ணை ஒரு வெளிச்சத்தை இஞ்சால, ஒண்டை அங்கால வைச்சு, ஒரே தரத்தில எடுத்தார். பொட்டை அழிக்கச் சொல்லுவினமோ எண்டு அம்மா பயந்துகொண்டு போனவ. அழிக்கேல்லை. இலங்கைப் படத்திலயும் அதே இடத்தில அதே அளவு பொட்டு. என்ர கணக்கில அம்மாதான் இந்தக் குடும்பத்தில பதிவுகளை ஒழுங்கா வைச்சிருக்கிற ஆள். நான் ஒண்டில தாடியோட, ஒண்டில தாடி இல்லாமல் இருக்கிறன். அது விதிக்குப் பிழை இல்லை, ஆனா கவுண்டரில ரெண்டையும் ஒண்டாக் குடுக்கேக்க அதிகாரி ஒருக்கா நிமிர்ந்து பார்ப்பார்.

இப்ப அந்தத் தங்கச்சியின்ர கேள்வி. கனடா கைவிடுமா? 1930இல ஹேக் நகரில குடியுரிமைச் சட்ட முரண்பாடுகளைப் பற்றி ஒரு உடன்படிக்கை செய்தவை. அதின்ர 4ஆவது உறுப்புரை சொல்லுறது: ஒருத்தருக்கு ரெண்டு நாட்டுக் குடியுரிமை இருந்தா, ஒரு நாடு மற்ற நாட்டுக்கு எதிரா அவருக்கு இராஜதந்திரப் பாதுகாப்புக் குடுக்கேலாது. சுருக்கமா, நீங்கள் இலங்கையில இருக்கேக்க இலங்கையின்ர பார்வையில இலங்கையர் மட்டும்தான். கனேடிய அரசாங்கமும் தன்ர பயண ஆலோசனைகளில, இரட்டைக் குடியுரிமை உள்ளவைக்கு மற்ற நாட்டில உதவி மட்டுப்படலாம் எண்டு சொல்லுது. நாசனின் சகாரி-ராட்கிளிஃப் எண்ட பிரித்தானிய-ஈரானியரை நினைவிருக்கா? 2016இல ஈரானில பிடிச்சவை. 2019இல பிரித்தானியா அவவுக்கு இராஜதந்திரப் பாதுகாப்பு எண்டு அறிவிச்சது. ஈரான் அதை ஏற்கேல்லை, ஏனெண்டா ஈரானுக்கு இரட்டைக் குடியுரிமை எண்ட ஒண்டே இல்லை. 2022இலதான் அவ வீடு திரும்பினவ. இலங்கை ஈரான் இல்லை, இலங்கை தானே எழுத்தில இரட்டைக் குடியுரிமை தருது. ஆனா எங்கட ஆக்கள் ஏன் அந்த நாட்டை விட்டு வந்தவை எண்டது எனக்கும் உங்களுக்கும் தெரியும்.

ஆகவே தங்கச்சி, கைவிடும் எண்டு இல்லை, கதவைத் தட்டுற பலம் குறையும். நீங்கள் அங்க போராட்டங்களில கலந்துகொள்ளுற ஆள், காணாமல் ஆக்கப்பட்டவை பற்றி எழுதுற ஆள் எண்டா, இதைக் காணிக் கணக்கோட மட்டும் போட்டுத் தீர்மானிக்காதேங்கோ. எங்கட வீட்டிலயே இதில ஒருமித்த முடிவு இல்லை. அப்பா எடுத்தார், நான் எடுத்தன், அம்மாவும் எடுத்தா. ஒரு மாமா எடுக்கவே மாட்டன் எண்டு நிக்கிறார், அவருக்கு அதுக்குரிய காரணம் இருக்கு. நாங்கள் கேக்கிறதில்லை.

கடைசியாப் பராமரிப்பு. ரெண்டு பாஸ்போட்டும் ஒரே வருசத்தில முடியாமப் பாருங்கோ. ஒண்டைப் புதுப்பிக்க அனுப்பினா மற்றது கையில இருக்க வேணும். 2024இல பத்தரமுல்லையில பாஸ்போட்டுக்கு ஆக்கள் இரவிரவா வரிசையில நிண்டதை எல்லாரும் பார்த்தம், அந்த நேரம் முடியிற நிலையில இருந்த ஆக்களின்ர பாடு பெரும்பாடு. முடியிற திகதிக்கு ஒரு வருசம் முன்னுக்கு எண்டு காலண்டரில போடுங்கோ, ஏனெண்டா கன நாடுகள் ஆறு மாசச் செல்லுபடி கேக்கும். ரெண்டினதும் படப் பக்கத்தை ஸ்கான் செய்து வீட்டில இன்னொருத்தரிட்டயும் குடுங்கோ. பாஸ்போட்டுகள் ரெண்டையும் ஒரே பைக்குள்ள வைக்காதேங்கோ, பை துலைஞ்சா ரெண்டு நாட்டிலயும் ஒரே நாளில ஆவணம் இல்லாத ஆள் ஆவியள்.

எங்கட வீட்டுக் காலண்டரில அடுத்தது அம்மாவின்ர கனேடியப் பாஸ்போட். இந்தச் சனிக்கிழமை அதே ஸ்காபரோ அண்ணையிட்டப் போறம். நீலச் சீலை கட்டுறதா, பச்சை கட்டுறதா எண்டு இப்பவே விவாதம் நடக்குது. நாடியில இருந்து உச்சி வரைக்கும்தான் முக்கியம் எண்டு சொல்லிப் பார்த்தன், எடுபடேல்லை. உங்கட கேள்விகளைக் குரலாப் பதிஞ்சு அனுப்புங்கோ. அடுத்த கிழமை சந்திப்பம்.